மூன்றாம் படி

நுழையும்முன்

ஓலைச்சுவடி பழுதாகுமுன் அதனைப் புதிய ஓலையில் எழுதிவைத்து, நூல்களைத் தலைமுறைதோறும் கடத்தினர் நம் முன்னோர். இன்று நம் எழுத்தும் படமும் கணக்கும் மடிக்கணினியில் வாழ்கின்றன. அவற்றைப் படியெடுத்துக் காக்கும் முறையையும் இழந்தபின் மீட்டெடுக்கும் முறையையும் காரைக்காலின் பழைய பதிவேடுகளிலிருந்து தொடங்கிக் காண்போம்.

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1954 நவம்பர் முதல் நாள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை பதிவேடுகளில் எழுதப்பட்டன. கழிமுகத்து ஊரில் காகிதத்துக்குப் பகை மிகுதி. உப்புக்காற்று அரிக்கும், கரையான் தின்னும், புயல்மழை நனைக்கும். போரும் வரும்: 1760இல் ஆங்கிலேயர் காரைக்காலைக் கைப்பற்றினர்.

இத்தகைய இழப்புகள் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்திலும் நேரக்கூடியவை. எனவே 1776 ஜூன் மாதம் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியேற்றங்களின் பதிவேடுகளை மூன்று படிகளாக எழுதவேண்டும். இரண்டு படிகள் அங்கேயே இருக்க, மூன்றாம் படி கப்பலேறி வெர்சாய் நகரில் அமைக்கப்பட்ட காப்பகத்துக்கு வந்துசேர வேண்டும் என்பது அதன் சாரம். குடிமக்கள்மீது கொண்ட பரிவே இதற்குக் காரணம் என்று கொள்ளவேண்டியதில்லை. வாரிசுரிமை வழக்குகளுக்கும் சொத்து வழக்குகளுக்கும் சான்று தேவைப்பட்டது. எவ்வாறாயினும், கடல்கடந்து சென்ற படிகள் பிழைத்தன. பிரான்சின் தெற்கே எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் 1966இல் திறக்கப்பட்ட ஆவணக் காப்பகத்தில் அவை உள்ளன. தம் முன்னோரின் பெயரைத் தேடும் காரைக்கால் குடும்பத்தினர் அப்பதிவேடுகளின் பழைய பக்கங்களை இன்று இணையத்திலேயே காணலாம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. உயிரிழப்புக்கு ஈடில்லை, அதனோடு குடும்ப அட்டைகளும் பள்ளிச் சான்றிதழ்களும் நீரோடு போயின. அலுவலகத்திலும் பள்ளியிலும் அவற்றுக்கு மறுபதிவு இருந்தமையால் புதியன பெற வழியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த திருமணப் படத்துக்கு எந்த அலுவலகத்திலும் மறுபதிவு இல்லை. உங்கள் மடிக்கணினியில் உள்ளவற்றுள் பெரும்பகுதி இந்தத் திருமணப் படத்தைப் போன்றதே. நீங்கள் எழுதிய கட்டுரை, பாட்டியின் குரலைப் பதிந்த ஒலிக்கோப்பு, தந்தையின் கடைக்கணக்கு ஆகியவற்றுக்கு நீங்களே பதிவாளர்.

அவை குடியிருக்கும் இடம் வன்தட்டு. பேச்சுவழக்கில் இதனை ஹார்டு டிஸ்க் என்போம். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டு, 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று சட்டைப்பையில் அடங்கும் வன்தட்டு அதைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு கொள்ளும். அதனுள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல, படிக்கும் முனை தலைமுடியின் தடிமனைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. இயங்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உராயும், எழுதியது அழியும். சுழலும் பகுதியற்ற எஸ்.எஸ்.டி. வகை விழுவதைத் தாங்கும். ஆயினும் முன்னறிவிப்பின்றி முடங்குவது அதற்கும் உண்டு.

ஆகவே மடிக்கணினிக்கு வெளியே ஒரு படி வேண்டும். மடிக்கணினியின் கொள்ளளவைப்போல் இருமடங்குள்ள வெளிப்புற வன்தட்டு ஒன்றை வாங்குக. முதல்முறை அனைத்தையும் படியெடுக்கப் பல மணிநேரம் ஆகலாம். இரவில் தொடங்கி விட்டுவிடலாம். அடுத்தடுத்த முறைகளில் புதியனவும் மாறியனவும் மட்டுமே படியெடுக்கப்படும். விண்டோஸ் கணினியில் ஃபைல் ஹிஸ்டரி, ஆப்பிள் கணினியில் டைம் மெஷின் ஆகியவை இதனைத் தாமே செய்யும். ஒரு கோப்பின் பழைய வடிவங்களையும் இவை வைத்திருக்கும். இது பெரிய வசதி. தவறாகத் திருத்திய கட்டுரையின் நேற்றைய வடிவம் கிடைக்கும்.

படியெடுத்து முடிந்ததும் வன்தட்டை முறைப்படி விடுவித்துக் கழற்றிவிடுக. சோம்பலால் அதனைச் செருகியபடியே விடுவோர் பலர். 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இவ்வகை நிரல், கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். மேகக்கணிமையில் கோப்புகளை ஒத்திசைத்தாலே போதும் என்பாரும் உளர். இங்கே அழித்தால் அங்கேயும் அழிவதே ஒத்திசைவின் இயல்பு என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி மீட்டெடுத்தல். படியெடுத்த பலர் இதனைச் செய்துபார்ப்பதே இல்லை. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. யாரோ இட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்முன்னே மறையத் தொடங்கின. ஏறத்தாழ 90 விழுக்காடு போயிற்று. காப்புப்படி இருக்கிறதே என்று அதனைத் திறந்தனர். அது பல நாள்களாகவே சரியாகப் பதிவாகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுள் ஒருவரான கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிவந்தார். அவர் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அக்கணினியைப் போர்வைகளால் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்துப் பதமாகக் கொண்டுவந்தனர். படம் பிழைத்தது.

எனவே மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் வன்தட்டிலிருந்து சில கோப்புகளை எடுத்துப் புதிய கோப்புறை ஒன்றில் வைத்துத் திறந்துபாருங்கள். பழைய இடத்திலேயே வைத்தால் இப்போதைய கோப்பின்மீது பழையது எழுதப்பட்டுவிடும். கணினி முழுவதும் முடங்கினால் அதனைத் தொடங்குவதற்கே ஒரு மீட்புப் பென்டிரைவ் வேண்டும். கணினி நலமாயிருக்கும்போதே அதனை உருவாக்கிக்கொள்க. வன்தட்டுக்குக் கடவுச்சொல் இட்டிருந்தால் அதனைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைக்கவும். மறந்த கடவுச்சொல்லுக்குப் பின்னாலுள்ள கோப்பு, கடலில் விழுந்த கோப்புக்கு ஒப்பாகும்.

மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று ஒரு கணக்கை இக்காலத்தில் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ வகுத்துக் கூறினார். 1776இன் ஆணையும் ஏறக்குறைய இதே கணக்கு. மடிக்கணினியும் வன்தட்டும் ஒரே பீரோவில் இருந்தால் திருடனுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டும் ஒன்றே. வெளியிடத்துப் படிக்குக் கப்பல் தேவையில்லை. காரைக்காலில் இருப்பவர் இரண்டாவது வன்தட்டு ஒன்றைக் கும்பகோணத்து அத்தை வீட்டில் வைக்கலாம். பொங்கலுக்குப் பேருந்தில் போகும்போது புதிதாகப் படியெடுத்ததைக் கொடுத்துவிட்டு, அங்கிருப்பதை வாங்கிவரலாம்.