பாலாறு தாண்டித் தசரா பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

கண்ணுகளா, சரஸ்வதி பூஜை, விஜயதசமியோடு சனி ஞாயிறும் ஒட்டி வந்துவிட்டால் மேட்டூர் பேருந்து நிலையத்தில் உங்களைப் போன்றவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஐந்து பேர், ஆறு பேர், முதுகில் பை, கையில் ஒரு ஸ்பீக்கர். வீட்டை விட்டுச் சிநேகிதர்களோடு வேறு மாநிலத்துக்குப் போகும் முதல் பயணம். கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை என்று இந்தத் தடத்தில் நான் இருபத்தெட்டு வருஷம் பேருந்து ஓட்டினேன். மைசூரு தசராவைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். போகிற வழியைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

1. பகலில் பாலாற்றைத் தாண்டுங்கள். பாலம் முடிந்ததும் கர்நாடகத்தின் சோதனைச் சாவடி, அதற்கப்பால் காடு, கொண்டை ஊசி வளைவுகள். மலை உச்சியிலிருந்து தாளபெட்டாவுக்கு இறங்கி, ஹனூர், கொள்ளேகால், தி. நரசிபுரா வழியாக மைசூரு. காலை முதல் பேருந்தைப் பிடித்தால் மதியச் சாப்பாடு கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம். கல்லூரி அடையாள அட்டை மேல்பையில் இருக்கட்டும். சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள். மலையில் செல்போன் சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். ஆளுக்குக் கொஞ்சம் ரொக்கம் வேண்டும்.

2. பைக்கில் போகாதீர்கள். கேட்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் கூடவே இதையும் கேளுங்கள்: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்கும். சூடேறிய பிரேக் நாலாவது வளைவில் கைவிட்டுவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர் உட்கார்ந்து இந்த மலையை இறங்குவது எனக்குச் சம்மதமே இல்லை.

3. பாலாற்றில் இறங்காதீர்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பினால் தண்ணீர் பின்னால் தேங்கி இந்தப் பக்கம் வரைக்கும் ஏறி நிற்கும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி அசையாத நீர். அடியில் வருஷக்கணக்கில் படிந்த வண்டல். அணைக்காக ஊர்களே மூழ்கிய பூமி இது. நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். அப்படியென்றால் நீருக்கடியில் சுவர், கிணறு, மரக்கட்டை எல்லாம் கிடக்கும். பரிசல்காரர்கள் போட்ட வலையும் இருக்கும். ஓர் அடிக்கு முழங்கால் ஆழம், அடுத்த அடிக்கு ஆள் ஆழம். அணை வற்றி ஆறு மெலிந்து ஓடும்போதும் நம்பக் கூடாது. மலைமேல் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே செந்நீர் வந்துவிடும்.

ஓர் ஆயுதபூஜை நாள், பாலத்தருகே கூட்டமாக நின்றார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போனேன். கரையில் ஒரு கல்லின்மேல் மடித்து வைத்த சட்டை. அதன்மேல் பெல்ட்டைச் சுருட்டி வைத்திருந்தான். புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டு தொங்கிய நூல் இன்னும் அறுபடாமல் இருந்தது. கூட வந்த பையன்கள் நாலு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வருஷம் படித்தவனாம், ஊரில் கிணற்று நீச்சலில் கெட்டிக்காரனாம். சாயங்காலம் பரிசல்காரர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டேன் பாருங்கள், ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்தில் வண்டி தானாக வேகம் குறைந்துவிடும் எனக்கு. கால் நனைக்க ஆசையா? சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

4. யானை நின்றால் நீங்களும் நில்லுங்கள். இந்த மலை 2013-இலிருந்து வனவிலங்குச் சரணாலயம். ஒரு வளைவில் தாயும் குட்டியும் சாலை நடுவே நின்றன. ஹாரன் அடிக்காமல், முன்விளக்கை அணைத்துவிட்டு நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். பின் இருக்கையில் ஒரு பையன் விசிலடித்தான். தாயின் காது விரிந்து அப்படியே நின்றுவிட்டது. அந்த நொடியில் பேருந்துக்குள் ஐம்பது பேரும் மூச்சு விடவில்லை. செல்போன் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வாழைப்பழம் எறிவதும் வேண்டாம், தின்று பழகிய யானை அடுத்த வண்டியை மறிக்கும். தண்ணீர் பாட்டிலை ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

5. "வீரப்பன் காடு" என்று கத்திக்கொண்டு, மீசை முறுக்கிப் படம் எடுக்காதீர்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக்குப் பக்கத்தில் வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள் மட்டும் அல்ல, வனக் காவலர்களும் வழிகாட்ட வந்தவர்களும். அதற்கு முன் 1991-இல் கோபிநத்தம் பக்கம் வன அதிகாரி சீனிவாசனைக் கொன்றார்கள். அந்த ஊர் ஜனங்களுக்காக ஓடியாடியவர் அவர். தேடுதல் வேட்டையில் இரண்டு பக்கமும் சிக்கி அடிபட்ட குடும்பங்கள் இந்தச் சாலை ஓரத்தில்தான் இன்றும் ஆடு மேய்க்கின்றன. பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காரும் கிழவி யாரை இழந்தவள் என்று உங்களுக்குத் தெரியாது.

6. வேற்று நாட்டுக்குள் நுழைகிற மிதப்பும் வேண்டாம், பயமும் வேண்டாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் கொள்ளேகால் தாலுகா நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. பிறகுதான் மைசூரு மாவட்டம், 1997-இலிருந்து சாமராஜநகர் மாவட்டம். மாதேஸ்வரனுக்கு இரண்டு பக்கத்து ஜனங்களும் முடி இறக்குகிறார்கள். ஆனாலும் காவிரிப் பிரச்சினை மூண்டால் முதலில் நிற்பது இந்தத் தடத்து வண்டிதான். 2016 செப்டம்பரில் பாலத்துக்கு இந்தப் பக்கமே என் வண்டி நின்றது. கைக்குழந்தையும் மூட்டையுமாக ஜனங்கள் பாலத்தை நடந்தே தாண்டினார்கள். அந்தப் பக்கம் நின்ற கன்னடத்து ஓட்டுநர் ஒருவர் எதிரே வந்து ஒரு பாட்டியின் மூட்டையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். கிளம்பும் முன் செய்தி பாருங்கள். நிலைமை சரியில்லை என்றால் அடுத்த வருஷம் போகலாம், தசரா 1610-இலிருந்து நடக்கிறது.

7. பெண்பிள்ளைகளுக்கு: கர்நாடகத்தின் 'சக்தி' திட்ட இலவசப் பயணம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

8. "பன்னி" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். இதற்குச் சிரித்துச் சண்டை வந்ததை என் வண்டியிலேயே பார்த்திருக்கிறேன். கன்னடத்தில் அது "வாருங்கள்" என்று மரியாதையாகக் கூப்பிடுவது. வன்னி மரத்துக்கும் அவர்கள் வாயில் அதே பெயர்தான், நம் வகரம் அங்கே பகரமாகிறது. தசரா ஊர்வலம் போய்ச் சேரும் பன்னிமண்டபம் நம்முடைய வன்னிமண்டபம். பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்து வைத்த மரம் என்று விஜயதசமிக்கு நாம் கும்பிடுவதையே அவர்களும் கும்பிடுகிறார்கள். எல்லி (எங்கே), எஷ்டு (எவ்வளவு), நீரு (தண்ணீர்), ஊட்டா (சாப்பாடு) என்று நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள், கடைக்காரர் முகம் மலரும்.

9. மைசூரில் தங்க முன்கூட்டியே இடம் சொல்லிவைக்காமல் கிளம்பாதீர்கள், தசரா நாளில் திண்ணைகூடக் கிடைக்காது. ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். காலையிலேயே போய் இடம் பிடித்து, வெயிலில் உட்காரத் தெம்பு வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சந்திக்க, ஊர்வலப் பாதையை விட்டு விலகிய இடமாக முன்பே பேசி வையுங்கள். பிலோமினா மாதா கோயிலின் இரட்டைக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். இருக்கிற பணத்தை ஒருவனிடமே கொடுத்து வைக்காதீர்கள். அரண்மனை விளக்கு அலங்காரத்தை ஊர்வலத்துக்கு முந்திய ராத்திரியே பார்த்துவிடுங்கள்.

அம்பாரி வரும்போது படம் எடுக்கும் அவசரத்தில் யானையைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள் பலர். 750 கிலோ அம்பாரி அது. மணல் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அந்தப் பாரத்துக்கும் சத்தத்துக்கும் வாரக்கணக்கில் பழக்கியிருப்பார்கள். எட்டு தசரா சுமந்த அர்ஜுனா 2023 டிசம்பரில் காட்டுயானையோடு மோதிச் செத்துப்போனான். அவன் இருக்கும்போதே அம்பாரி அபிமன்யுவுக்கு மாறியிருந்தது. அம்பாரி யானை கால் எடுத்து வைக்கும் நிதானத்தை ஒரு நிமிஷம் வெறும் கண்ணால் பாருங்கள்.

10. திரும்பும்போது ஞாயிறு ராத்திரிக்குள் வீடு சேர வேண்டும் என்று கடைசி வண்டியைத் துரத்தாதீர்கள். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் பாலாறு. சாவடியில் யாராவது "தசரா ஹேகித்து?" என்று கேட்பார்கள். எப்படி இருந்தது என்று அர்த்தம். "தும்பா சென்னாகித்து", ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பாலம் ஏறுங்கள்.