செம்பாறையின் சொந்தக்காரர்கள்

இந்தியாவுக்குத் தென்கிழக்கே, கடல் தாண்டி, ஆஸ்திரேலியா என்ற பெரிய நாடு இருக்கிறது. அந்த நாட்டின் நடுப்பகுதி பாலைவனம். எங்கு பார்த்தாலும் செம்மண். அங்கங்கே புதர்கள். மழை குறைவு. கோடையில் வெயில் கொளுத்தும். குளிர்காலத்து இரவில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும்.

இந்தப் பாலைவனத்தில் ஒரு பெரிய செந்நிறப் பாறை நிற்கிறது. அதன் பெயர் உலுரு. உயரம் 348 மீட்டர். அதை ஒரு முறை சுற்றி வர 9 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அதற்கு மேற்கே 36 பாறைக் குன்றுகள் கூட்டமாக நிற்கின்றன. அவற்றின் பெயர் கட்டா ஜூட்டா. 'பல தலைகள்' என்று பொருள்.

இந்த இடம் இன்று ஒரு தேசியப் பூங்கா. பக்கத்தில் உள்ள நகரம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அதுவே சாலை வழியாக 450 கிலோமீட்டர் தூரம்.

எழுதாத சட்டம்

இந்த மண்ணின் மக்கள் அனாங்கு என்ற பழங்குடியினர். பல ஆயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். அவர்களிடம் எழுத்து இல்லை. ஆனால் சட்டம் இருந்தது. அதன் பெயர் ஜுகுர்ப்பா. எந்த இடம் புனிதமானது? தண்ணீர் எங்கே கிடைக்கும்? உறவினரிடம் எப்படி நடக்க வேண்டும்? எல்லாம் அதில் அடங்கும். பெரியவர்கள் அதைக் கதையாகச் சொன்னார்கள். பாட்டாகப் பாடினார்கள். பாறைக் குகைகளில் ஓவியமாக வரைந்தார்கள். அந்த ஓவியங்களை இன்றும் பார்க்கலாம்.

நிலம் கைமாறியது

1873ஆம் ஆண்டு வில்லியம் காஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே வந்தார். உலுருவுக்கு 'ஏயர்ஸ் பாறை' என்று பெயர் வைத்தார். அது ஹென்றி ஏயர்ஸ் என்ற ஆட்சியாளரின் பெயர். அந்தப் பாறைக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

1958இல் அரசு அந்த இடத்தைப் பழங்குடியினரின் ஒதுக்கு நிலத்திலிருந்து பிரித்தது. அதைப் பூங்கா ஆக்கியது. சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அனாங்கு மக்களை விலக்கி வைக்க அதிகாரிகள் முயன்றார்கள்.

அனாங்கு மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர் மாதங்களில் அங்கங்கே சிறு தீ வைத்துக் காய்ந்த புல்லை எரிப்பார்கள். அதனால் கோடையில் தீ பெரிதாகப் பரவாது. புதுத் தளிரும் வரும். அந்த வேலை நின்று போனது. புல் மண்டியது. 1976இல் பெருந்தீ பிடித்தது. பூங்காவின் பெரும்பகுதி எரிந்து போனது. பிறகு பூங்கா ஊழியர்கள் அனாங்கு பெரியவர்களிடம் தீ வைக்கும் முறையைக் கேட்டுக் கற்றார்கள்.

பட்டா கிடைத்தது

அனாங்கு மக்கள் தங்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பல ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 1985 அக்டோபர் 26 அன்று நிலத்தின் உரிமைப் பத்திரம் அவர்கள் கைக்கு வந்தது. அன்றே அவர்கள் நிலத்தை அரசுக்கு 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தார்கள். பூங்கா தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பூங்காவை நடத்தும் குழுவில் 12 பேர். அவர்களில் 8 பேர் அனாங்கு மக்களின் பிரதிநிதிகள். பூங்காவின் கட்டண வருமானத்தில் 25 சதவீதம் அவர்களுக்குச் சேர்கிறது.

ஏறாதீர்கள்

ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. பயணிகள் உலுருவின் மேல் ஏறினார்கள். பிடித்து ஏறச் சங்கிலியும் கட்டியிருந்தது. அந்த வழி, மூதாதையர் ஏறிய புனித வழி. அனாங்கு மக்கள் அதில் ஏறுவதில்லை. வழுக்கி விழுந்தும் மாரடைப்பிலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'எங்கள் மண்ணுக்கு வந்தவர் இறந்துவிட்டாரே' என்று அனாங்கு மக்கள் துக்கப்பட்டார்கள்.

அடிவாரத்தில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். தயவு செய்து ஏறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சிலர் படித்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் படித்த பின்னும் ஏறினார்கள். ஆண்டுதோறும் ஏறுவோர் குறைந்தார்கள். 2017இல் பூங்காக் குழு முடிவு எடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் ஏறத் தடை வந்தது. நிலம் கிடைத்து அன்றோடு 34 ஆண்டுகள். பிறகு சங்கிலியையும் கழற்றிவிட்டார்கள்.

இன்று பயணிகள் பாறையைச் சுற்றி நடக்கிறார்கள். அனாங்கு வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைக் கேட்கிறார்கள். உலுரு என்ற பழைய பெயரே இப்போது முதலில் வருகிறது.

புதிய சொற்கள்

மூதாதையர் – முன்னோர்
குத்தகை – பணம் பெற்றுக்கொண்டு நிலத்தைக் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தக் கொடுப்பது
பிரதிநிதி – பலருக்காகப் பேசுபவர்

பதில் சொல்லுங்கள்

1. ஜுகுர்ப்பா என்றால் என்ன?
2. 1976இல் பெருந்தீ பரவியது ஏன்?
3. நிலம் எந்த ஆண்டு அனாங்கு மக்களிடம் திரும்பி வந்தது?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் பெரியவர்கள் வாய்வழியாகக் காத்து வரும் அறிவு என்ன? மழை, மூலிகை, ஏரி, காடு பற்றி அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை உங்கள் கையால் நோட்டில் எழுதி வையுங்கள்.