தோட்டத்துப் பிள்ளைகளின் கதைகள்

கேள்வி: எங்கள் தோட்ட வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகள் கதை எழுதுகிறார்கள். தொகுப்பாகப் போடலாமா? பெயர் தெரியாதவர்களை யார் வாசிப்பார்கள்?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகப் போடுங்கள். மலையகச் சிறுகதை தொகுப்புகளால் நிலைத்தது. மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய போட்டிகளில் பரிசு பெற்ற கதைகளைத்தான் 1971இல் வீரகேசரி ‘கதைக்கனிகள்’ என்று நூலாக்கியது. பிறகு 1997இல் துரை விஸ்வநாதன் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ இரண்டையும் வெளியிட்டார். முதலாவதில் 33 கதைகள், அடுத்ததில் 55. தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். பத்திரிகையோடு போயிருக்கக்கூடிய எத்தனையோ கதைகள் இன்று நம் கையில் இருப்பது இவர்களால்தான்.

பிள்ளைகளோடு நிறுத்தாதீர்கள். கொழுந்தெடுக்கும் அம்மாமாரிடமும் கேளுங்கள். எழுதப் பழகாதவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். லயத்துப் பேச்சை மட்டும் திருத்திவிடாதீர்கள். ‘பிரட்டுக்களம்’ வெளியூர் வாசகருக்குப் புரியாதென்றால் அடியில் ஒரு குறிப்புப் போதும்.

இருநூறு பிரதி அச்சிட்டாலும் கொழும்பிலுள்ள தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண் வாங்கிவிடுங்கள். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். எனக்கும் ஒன்று எடுத்துவையுங்கள், விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.