தமையன் ஸ்தானத்தில் ஒரு பள்ளிக்கூடம்

பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்து, தமையனார் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்த சிறுவரே, 2025 மார்ச்சில் லண்டன் மாநகரில் தம்முடைய சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இலர். அத்தகைய தமையன் வாய்க்காத ஏழைப் பிள்ளைக்கும், பார்வையோ செவியோ குன்றிய பிள்ளைக்கும் அந்த ஸ்தானத்தில் நிற்கவேண்டியது பள்ளிக்கூடமே. அதற்காகப் பள்ளியில் இசை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் செய்யவேண்டிய காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. குரல் பரீட்சை வைக்காதீர்கள். விரும்பி வரும் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்துக்கொண்டு, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைக் கண்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எது எளிது, எது சிரமம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள், தரைத்தளத்து அறையில், வாரம் இரு பாடவேளையாக அமையுங்கள். பெற்றோர் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடும் வீடுகளில், மாலை வேளையில் தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு மூத்த பிள்ளையுடையதாகிவிடுவதால், மாலை வகுப்புக்கு அப்பிள்ளை வர இயலாது.

3. பார்வையற்ற பிள்ளைக்குச் சங்கீதம் நம் மரபுப்படிக் கேள்வி ஞானமாகவே வரட்டும். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, மாயாமாளவகௌளையில் சரளி வரிசையைப் பாடிக் காட்டி, பிள்ளையின் கையைப் பிடித்தே ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் போடச் செய்யுங்கள். ஸ்வரங்கள் படிந்தபின் பிரெயிலில் எழுதப் பழக்கலாம். லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட நூலிலேயே இசைக்கும் வழி வகுத்திருந்தார்.

4. செவிப்புலன் குன்றிய பிள்ளையை உங்கள் முகம் தெரியும்படி எதிரே அமர்த்தி, பறையின் விளிம்பில் அதன் உள்ளங்கையை வைத்து, அதிர்வாலேயே லயத்தை உணர்த்துங்கள். செவிப்புலன் பெரிதும் குன்றிய ஸ்காட்லாந்துப் பெண்மணி எவிலின் கிளென்னி, வெறுங்காலோடு மேடையேறி, அதிர்வை உடலால் உணர்ந்து தாளவாத்தியம் வாசித்தே உலகப் புகழ் பெற்றார்.

5. விரல் வலுவில்லாத பிள்ளைக்குப் பறை அடிக்கும் குச்சியில் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு ஒரே பாட்டைப் பல வாரம் சலியாமல் சொல்லிக்கொடுங்கள். பேரொலிக்கு அஞ்சும் பிள்ளையைக் கதவருகே அமர்த்தி, வேண்டும்போது எழுந்து செல்ல அனுமதியுங்கள்.

6. ஆண்டுவிழாவிலோ கலைத்திருவிழாவிலோ இப்பிள்ளைகளைத் தனியே நிறுத்தி அனுதாபம் தேடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில், ஒரே பாட்டில் மேடையேற்றுங்கள்.

பாடத் தெரிந்த பிறகு வா என்று எந்தத் தமையனும் தம்பியிடம் சொல்வதில்லை, பள்ளிக்கூடமும் சொல்லலாகாது.