பெருத்துப்போன ரெப்போவை இளைக்க வைக்கும் வழி

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு மென்பொருள் எழுதித்தரும் சிறு குழுக்களின் கிட் ரெப்போவைத் திறந்தால், நிரலோடு கேட் (CAD) வரைபடம், ஜிப், டேட்டாபேஸ் பேக்கப் எல்லாம் கிடக்கும். ஆவடியில் வீட்டிலிருந்து செல்போன் ஹாட்ஸ்பாட்டில் குளோன் எடுப்பவர் பாடு திண்டாட்டம்தான். பெரிய ஃபைலை அழித்துக் கமிட் போட்டால் எடை குறையாது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும். 'கிட் ஜிசி'யும் அதைத் தொடாது. வரலாற்றைத்தான் திருத்த வேண்டும்.

1. 'கிட் கவுன்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஎச்' ஓட்டி, 'சைஸ்-பேக்' அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எல்லோரும் கையிலிருக்கும் வேலையை புஷ் செய்யட்டும். பிறகு ஒரு மிரர் குளோன் எடுத்துத் தனி டிஸ்க்கில் வையுங்கள். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

3. புதிதாக ஒரு குளோன் எடுத்து, அதில் வரலாற்றைத் திருத்தும் கருவியான 'கிட் ஃபில்டர்-ரெப்போ'வை '--அனலைஸ்' கொடுத்து ஓட்டுங்கள். எந்த ஃபைல் இடத்தை அடைக்கிறது என்று பட்டியல் வரும். அவற்றை '--பாத்', '--இன்வர்ட்-பாத்ஸ்' கொடுத்து நீக்குங்கள். 10 எம்பிக்கு மேல் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டும் குறுக்குவழியும் உண்டு; ஆனால் இன்றைக்குத் தேவைப்படும் ஃபைலும் அதோடு போய்விடும். பழைய கருவியான ஃபில்டர்-பிராஞ்ச் வேண்டாம். கிட் ஆவணமே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

4. ஃபில்டர்-ரெப்போ 'ஆரிஜின்' இணைப்பை வேண்டுமென்றே எடுத்துவிடும். அதைத் திரும்பச் சேர்த்து, எல்லா பிராஞ்சுகளையும் டேக்குகளையும் ஃபோர்ஸ் புஷ் செய்யுங்கள்.

5. பலரும் சறுக்குவது இங்கேதான். நீக்கிய ஃபைல் நுழைந்த இடத்திலிருந்து எல்லாக் கமிட்டுகளின் அடையாள எண்ணும் மாறிவிட்டது. பழைய குளோன் வைத்திருக்கும் ஒருவர் புல் செய்து, மெர்ஜ் செய்து, புஷ் செய்தால் போதும். வெட்டிய குப்பை மொத்தமும் திரும்ப வந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். புஷ் செய்யாத வேலை மிச்சமிருந்தால், அழிக்கும் முன் 'ஃபார்மட்-பேட்ச்' மூலம் எடுத்து, புதிய குளோனில் 'கிட் ஏஎம்' மூலம் ஏற்றுங்கள். வீட்டு லேப்டாப், பில்டு சர்வர் எதையும் விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் நடக்காது. ஒவ்வொரு மேசைக்கும் போய்ப் பாருங்கள். எனவே எல்லோரும் சீட்டில் இருக்கும் காலை நேரம்தான் இந்த வேலைக்கு ஏற்றது. வெள்ளிக்கிழமை மாலை தொடவே தொடாதீர்கள்.

கிட்ஹப்பில் பழைய புல் ரிக்வெஸ்டுகளும் ஃபோர்க்குகளும் நீக்கியதைப் பிடித்து வைத்திருக்கும். நீக்கிய ஃபைலில் பாஸ்வேர்டு இருந்திருந்தால், முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

6. பேக்கப், ஜிப் வகைகளை '.கிட்இக்னோர்' ஃபைலில் சேருங்கள். வரைபடங்களைப் பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்எஃப்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைத்தான் தடுக்கும். 40 எம்பி ஃபைல் ஒவ்வொன்றாகச் சேர்வதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.