திறமூல மென்பொருள்: விலையின்றியும் முறையாகவும்

வீட்டுக் கணினி இன்று பல பணிகளுக்குப் பொதுவானது. காலையில் இணைய வங்கிச் சேவைக்கும், ஆண்டுதோறும் வருமான வரிப் படிவத்துக்கும் பயன்படும் அதே கணினியில்தான் மாலையில் பிள்ளைகள் விளையாடுகின்றனர். ஆகவே, அதில் நிறுவப்படும் எந்த மென்பொருளும், சிறு விளையாட்டே ஆயினும், குடும்பத்தின் சேமிப்புக்கு மிக அருகில் இடம்பெறுகிறது. இதை உணராமல், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டுடைத்த நகலைப் பலர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கின்றனர். விலை அதிகம் என்பதே அவர்கள் கூறும் காரணம். அதற்குச் சட்டப்படியான விடை ஒன்று நெடுங்காலமாகவே இருக்கிறது. அதுவே திறமூல மென்பொருள்.

திருட்டு நகலுக்கு நாம் தரும் விலை

'கிராக்' எனப்படும் பூட்டுடைப்பு நிரலை இயக்கும் முன், வைரஸ் தடுப்பானை நிறுத்தும்படியும் கணினியின் முழு நிர்வாக உரிமையை வழங்கும்படியும் கேட்கப்படுவது வழக்கம். இவ்விரண்டையும் நாமே வழங்கிய பின், அந்நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பதை அறிய நமக்கு வழியில்லை. விசைப்பலகையில் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பதிவு செய்யும் நிரல்களும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திரட்டி அனுப்பும் நிரல்களும் இவ்வழியே நுழைகின்றன. விளையாட்டில் எளிதாக வெல்ல உதவும் 'சீட்' நிரல்களிலும் இதே ஆபத்து உண்டு.

ஓடிபி எண் கைப்பேசிக்குத்தானே வருகிறது என்று சிலர் கேட்கலாம். ஆனால், நம் கடவுச்சொல்லைப் பெற்ற மோசடிக்காரர் கணக்கின் இருப்பையும் அண்மைப் பரிவர்த்தனைகளையும் பார்த்துவிடுகிறார். அவற்றைச் சரியாகச் சொல்லி, வங்கி அலுவலர் போலத் தொலைபேசியில் பேசினால், பலர் நம்பி அந்த எண்ணையும் கொடுத்துவிடுவர்.

அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு முக்கிய வேறுபாட்டை வகுத்தது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாத நிலையில், பரிவர்த்தனைச் செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயின், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும்.

திறமூலம் என்பது யாது?

மென்பொருளின் மூலநிரலை ஒரு வணிகத்தின் பேரேட்டுக்கு ஒப்பிடலாம். பெரும்பாலான வணிக மென்பொருள்களில் பேரேடு நமக்குக் காட்டப்படுவதில்லை. திறமூல மென்பொருளிலோ, எவரும் தணிக்கை செய்யும்படி அது திறந்தே இருக்கும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டம், 1989இல் வெளிவந்த அதன் பொது உரிமம், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் ஆகியவை இவ்வியக்கத்தின் அடித்தளங்கள்.

இத்தகைய உரிமங்கள் பயனருக்கு நான்கு உரிமைகளை அளிக்கின்றன: எப்பணிக்கும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், பிறருக்கு நகல் தரலாம், மாற்றி வெளியிடலாம். எனவே, இம்மென்பொருளைப் பென் டிரைவில் உறவினருக்குக் கொடுப்பது குற்றமன்று. 'இலவசம்' என்று மட்டும் சொல்லி, மூலநிரலை மறைத்து வைக்கும் மென்பொருள் இவ்வகையில் சேராது. மத்திய அரசும் தன் துறைகளில் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை 2015இல் வெளியிட்டது.

அன்றாடப் பணிகளுக்கு

*லிபர்ஆபீஸ்:* கடிதம், விரிதாள், விளக்கக்காட்சி ஆகியவற்றைத் தயாரிக்க உதவுவது. 2010இல் ஓப்பன்ஆபீஸிலிருந்து கிளைத்தது. வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும். தமிழிலும் கட்டளைப் பட்டியல் உண்டு. மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் கோப்புகள் மட்டும் சில வேளை சரியாக இயங்குவதில்லை.

*க்னூகேஷ்:* இரட்டைப் பதிவு முறையில் வீட்டுக் கணக்கும் சிறு வணிகக் கணக்கும் எழுத ஏற்றது. வங்கிக் கணக்கறிக்கையைக் கோப்பாக இறக்கி இதில் ஏற்றினால், விடுபட்ட பதிவுகளை ஒப்பிட்டுக் கண்டறியலாம்.

*கீபாஸ்:* கடவுச்சொற்களை மறையாக்கம் செய்து, நம் கணினியிலேயே ஒரே கோப்பில் வைக்கிறது. ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் பயன்படுத்தும் பழக்கத்தை விட இது துணைபுரியும்.

உலாவியாக பயர்பாக்ஸ், படம் திருத்த கிம்ப், காணொலி காண விஎல்சி ஆகியனவும் திறமூல மென்பொருள்களே.

பிள்ளைகளின் விளையாட்டுக்கு

2 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எண், எழுத்து, நினைவாற்றல் பயிற்சிகளை ஜிகாம்ப்ரி தொகுத்துத் தருகிறது. டக்ஸ் பெயின்ட் ஓவியம் வரையப் பயன்படும். கார் பந்தயத்தை விரும்பும் பிள்ளைகளுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் உண்டு. பண்டைய பேரரசுகளைக் கட்டியாளும் '0 ஏ.டி.' விளையாட்டில் மௌரியப் பேரரசையும் தேர்ந்தெடுக்கலாம். போர் உத்தியில் ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' பொருந்தும்.

இவற்றை விளையாட நாணயமோ ஆயுதமோ விலைக்கு வாங்க வேண்டியதில்லை. எனவே பெற்றோரின் கார்டு விவரத்தை விளையாட்டில் சேமித்து வைக்கும் தேவையும் எழுவதில்லை.

எச்சரிக்கை இங்கும் வேண்டும்

பேரேடு திறந்திருப்பதாலேயே கணக்கு நேர்மையாகிவிடாது. எவரேனும் அதைத் தணிக்கை செய்ய வேண்டும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்னும் கோப்புச் சுருக்கக் கருவியில், பல மாதங்கள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு பங்களிப்பாளரே இரகசிய வாயில் ஒன்றைப் புகுத்தியிருந்தார். கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், மூலநிரலை ஆராய்ந்து 2024 மார்ச் 29 அன்று அதனை வெளிப்படுத்தினார். தீங்கு அதில் நுழைய முடிந்தது. வெளியார் ஒருவர் அதைக் கண்டுபிடிக்கவும் முடிந்தது.

போலித் தளங்கள் மற்றோர் ஆபத்து. 2022இல் கிம்ப் பெயரில் தேடுபொறி விளம்பரமாகத் தோன்றிய ஒரு போலித் தளம் தீநிரலை வழங்கியது.

தொடங்கும் முறை

1. மென்பொருளை அதை உருவாக்கும் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குக. தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம்.
2. பூட்டுடைத்த நகல்கள் இருந்த கணினியில், அவற்றை நீக்கினால் மட்டும் போதாது. தேவையான கோப்புகளைப் படியெடுத்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுக. பின்னர் வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுக.
3. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் போன்றவற்றை நிறுவலாம். நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்க இயலும்.
4. டேலி போல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை நம்பித் தொழில் செய்வோர், அத்தேவையை முதலில் ஆராய்ந்து முடிவு செய்க.
5. பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமையற்ற தனிப் பயனர் கணக்கை அமைத்துக் கொடுக்க.
6. புதுப்பிப்புகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணக்கில் ஐயத்துக்குரிய பற்று ஏதேனும் தெரிந்தால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்க. முன்னர்க் கூறிய 3 வேலை நாள் கணக்கு, பரிவர்த்தனைச் செய்தி கிடைத்ததிலிருந்தே தொடங்குகிறது.