தீயைத் தேடிப் பறக்கும் வண்டு

காடு பற்றி எரிந்தால் மான் ஓடும், யானை ஓடும், பறவைகள் பறந்து தப்பும். எல்லாம் ஓடிவருகிற பக்கத்திலிருந்து எதிரே, தீயை நோக்கியே போகிற ஒரு வண்டு இருக்கிறது. பெயர் மெலனோஃபிலா. கன்னங்கரேல் என்று இருக்கும். நீளம் ஒரு சென்டிமீட்டர்தான். ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்ப் பிரதேசக் காடுகளில் வாழ்வது.

இதுக்கென்ன பைத்தியமா? இல்லை. அதனிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல மரத்தின் பட்டையில் முட்டையிட்டால், மரம் பிசினைச் சுரந்து புழுவை மூழ்கடித்துவிடும். எரிந்த மரத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. அங்கே போட்டிக்கு வரும் பூச்சிகளும் குறைவு. ஆகவே சாம்பல் சூடு ஆறுமுன் முதலில் போய்ச் சேர்ந்த வண்டின் பிள்ளைகளுக்கே சாப்பாடு.

1925 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் கோலிங்கா என்ற ஊரில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. சுற்றிலும் காடே இல்லாத வறண்ட பூமி. ஆனாலும் இந்த வண்டுகள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தன. அவை சுமார் 130 கி.மீ. தூரத்திலிருந்து வந்திருக்கலாம் என்று 2012-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் நம்ம லேப் விஷயம் வருகிறது. நடுக்காலின் அடியில் இருபுறமும் ஒவ்வொரு குழி. ஒரு குழியில் சுமார் 70 நுண்ணிய உருண்டைகள். தீயின் அகச்சிவப்புக் கதிர் பட்டதும் உருண்டைக்குள் இருக்கும் திரவம் சூடாகி விரியும். அந்த அழுத்தம் நரம்பின் நுனியைத் தள்ளும், சிக்னல் போய்விடும். வாயு விரிந்து மெல்லிய சவ்வைத் தள்ளும் கோலே செல் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. வண்டு வாயுவுக்குப் பதில் திரவத்தை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்கிற தொல்லையும் இல்லை!

வீன் விதியைப் போட்டுப் பாருங்கள். காட்டுத்தீயை 1000 கெல்வின் என்று வைத்தால், 2898-ஐ 1000-ஆல் வகுக்க, 2.9 மைக்ரோமீட்டர் வரும். வண்டின் உருண்டை நன்றாக உறிஞ்சுவது சுமார் 3 மைக்ரோமீட்டர் கதிரை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

யார் ட்யூன் செய்தது? யாருமில்லை. தீயைப் பார்த்து வண்டு தன்னை மாற்றிக்கொண்டது என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. தொடுதலை உணரும் சாதாரண மயிரிலிருந்துதான் இந்த உருண்டை வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. சூட்டைக் கொஞ்சம் கூடுதலாக உணர்ந்த வண்டு முந்திப் போனது, அதன் வம்சம் பெருகியது. இது லட்சக்கணக்கான வருஷங்களில் நடந்த வேலை. நேரில் பார்த்தவர் கிடையாது.

நேரில் பார்த்த கதையும் உண்டு. சுவீடனில் ஒரு குட்டி வெட்டுக்கிளி. கறுப்பாகவும் இருக்கும், பழுப்பு, சாம்பல் நிறங்களிலும் இருக்கும். எரிந்த நிலத்தில் சராசரியாகப் பாதிக்குப் பாதி கறுப்பு. கரிமேல் கறுப்பு தெரியாது, பறவை கண்ணுக்குத் தப்பிவிடும். புல் முளைக்க முளைக்க, நாலே வருஷத்தில் கறுப்பு 30 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குஞ்சுகளிலும் அதே மாற்றம் தெரிந்ததால், இது பரம்பரை மாற்றம் என்று 2011-ல் அறிவித்தார்கள்.

இப்போது சிக்கல் வேறு. சுவீடனிலும் பின்லாந்திலும் காட்டுத்தீயை மனிதன் கெட்டிக்காரத்தனமாக அணைத்துவிட்டான். தீயை நம்பிய பூச்சிகள் அருகிவிட்டன. அதனால் அங்கே சில காட்டுப் பகுதிகளுக்கு அதிகாரிகளே நாள் குறித்து, தீயணைப்பு வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கொளுத்துகிறார்கள்.